ரோசிக்கு விஷம் வைத்தது யார்

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டு நாய் செத்தபோது, விஷம் வைத்தது யார் என்று உங்கள் வீட்டில் யாரைச் சொன்னார்கள்? யாரையாவது சொல்லியிருப்பார்கள். நோய் வந்து செத்தது, வயதாகிச் செத்தது என்று எந்த லயத்திலும் யாரும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. கோழி செத்தால் நோய். மாடு செத்தால் கண்ணேறு. நாய் செத்தால் மட்டும் பக்கத்து வீடு.

நான் வளர்ந்தது மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில். பெயரைச் சொன்னால் அங்கிருந்து வந்தவர்கள் யாராவது இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் சந்தேகப்படும் புத்தியை மட்டும் நாங்கள் எல்லாரும் பத்திரமாக லாரியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டோம். நானே மீன் வாங்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரன் முகத்தைத்தான் பார்ப்பேன். என் மகன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான்.

எங்கள் வீட்டில் ரோசி என்று ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம். ஒரு காது கிழிந்திருக்கும். காட்டுப்பன்றி கிழித்தது என்று அப்பா சொல்வார், முள்கம்பி கிழித்தது என்று அம்மா சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ரோசியையும் அதன் குட்டி கறுப்பனையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்துக்குப் பின்னால் பெலுக்கார் என்று நாங்கள் சொல்லும் புதர்க்காட்டுக்குள் போவார். பன்றி கிடைத்த நாளில் லயமே மணக்கும். மஞ்சளும் மிளகும் போட்டு வறுக்கும் வாடை கோயில் வரைக்கும் போகிறது என்று கோயில் தலைவர் முகத்தைச் சுளிப்பார், பிறகு தன் பங்குக்குப் பாத்திரம் அனுப்புவார். அப்பாவுக்கு வேறு பெருமை கிடையாது. பால் வெட்டுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் இறைச்சியைக் கூறு போடும்போது அவர் உட்காரும் விதமே வேறு. அந்தப் பெருமையெல்லாம் ரோசி கொடுத்தது.

ரோசிக்கு உண்ணி இருந்தது. எந்த நாய்க்குத்தான் இல்லை? காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடித்துப் பெருத்தது ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உருண்டிருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவோம். நகத்தில் நிற்கும் அந்த வாடை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதை யாரும் நோயோடு சேர்த்து நினைக்கவில்லை. நாய் என்றால் வால் இருக்கும், உண்ணி இருக்கும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அது கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் வாழ்ந்தார்கள். அம்மா பெஞ்சின் மேல் ஏறி நின்று குழம்புக் கிண்ணத்தை நீட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் மட்டும் வந்து வாங்கிக்கொள்ளும். உப்பு, தீப்பெட்டி, மாமியார் கதைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வந்தன. அத்தை சொந்த அத்தை இல்லை. ஆனால் அப்பா கூடப் பிறந்த அத்தை தங்காக்கிலிருந்து வந்தால் அம்மாவுக்குத் தலைவலி வரும், இந்த அத்தை இருமினால் அம்மா பெஞ்சில் ஏறுவார்.

அத்தைக்கு மருந்தடிக்கிற வேலை. களைக்கொல்லி டின்னை முதுகில் சுமந்துகொண்டு மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே போக வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய மருந்து நெடி வந்துவிடும். சோற்றைக் கையால் பிசையாமல் கரண்டியால் சாப்பிடுவார். லயத்தில் அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், தொரசானி என்று. வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதிதான் கரண்டியில் சாப்பிடுவாள் என்ற நினைப்பு.

ரோசி செத்த வருடக் கடைசியில், பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், அது அத்தையின் முட்டைக்கோழியைக் கவ்விவிட்டது. அத்தை விளக்குமாற்றோடு பாதையில் நின்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"இந்த நாய்க்கு என் கையாலதான் சாவு! எல்லாரும் கேட்டுக்குங்க!"

மறுநாள் சாயங்காலமே அதே ரோசிக்கு மீன் முள்ளைப் போட்டுக்கொண்டிருந்தார். கோபம் ஒரே நாளில் போய்விட்டது. சொன்ன சொல் மட்டும் லயத்தின் காதில் தங்கிவிட்டது.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஒரு காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ரோசி எழுந்திருக்கவில்லை. வழக்கமாக அவர் பூட்ஸை எடுக்கும் சத்தத்துக்கே குதிக்கும். உடம்பு நெருப்பாகச் சுட்டது. முட்டிகள் வீங்கியிருந்தன, தொட்டால் முனகியது. வயிற்றில் முடியில்லாத இடத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஈறு வெளுத்துப் போயிருந்தது. அதற்கடுத்த நாள் மூக்கின் ஒரு துளையிலிருந்து ரத்தம் சொட்ட ஆரம்பித்தது. வாசல் சிமெண்டில் அது சொட்டிய இடத்தை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை.

தோட்டத்து டிரெசர் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். ஆட்களுக்கு ஊசி போடுகிறவர், நாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அது எங்களுக்குப் போதும். சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"மூக்குல ரத்தம் வருதுன்னா உள்ள என்னமோ போயிருக்கு. விஷமா இருக்கலாம்," என்றார்.

"யாரு வச்சிருப்பாங்க?" என்று அப்பா கேட்டார்.

"அத நீங்கதான் தெரிஞ்சிக்கணும்," என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அவர் போன திசையைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த மருந்து டின்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் கண்ணும் அந்த டின்னுக்குத்தான் போனது.

அன்றைக்கே அப்பா மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிளந்து, தட்டி விரித்து, சுவரின் மேலிருந்த திறப்பை ஆணி அடித்து மூடினார். அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவ செய்வாளா? நம்ம புள்ளைக்குப் பேன் பாத்துவுட்டவ அவ."

"வாயால சொன்னா இல்ல? கையால சாவுன்னு சொன்னா இல்ல? கையில என்னா வச்சிருக்கா அவ, சந்தனமா?"

தகரம் அடித்ததும் வீட்டில் இரண்டு காரியம் நடந்தது. அடுப்புப் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றியது. மத்தியான வெளிச்சம் போய்விட்டது, அந்தத் திறப்பு வழியாகத்தான் அது வந்துகொண்டிருந்தது என்று மூடிய பிறகுதான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா வீட்டில் இருந்தார்.

நாய்களைக் காப்பாற்ற அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பின்னால் எங்கள் பழைய ஆட்டுக்கொட்டகை காலியாக இருந்தது. முன்பெல்லாம் மழை நாளில் ரோசி படுத்துக்கொள்ளும் இடமும் அதுதான். பலகைச் சுவர், ஓலைக்கூரை. இடுக்கில் கைவிட முடியாதபடி வெளிப்புறம் கம்பிவலை அடித்து, கதவுக்குப் பூட்டுப் போட்டு, ரோசியையும் கறுப்பனையும் உள்ளே வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில். அவர் வேலைக்குப் போகும்போது அதை அவிழ்த்து அம்மாவிடம் கொடுப்பார். அம்மா நீலக்கரை போட்ட இரும்புக் கிண்ணத்தில், மங்கு என்போம், சோறும் கருவாட்டுக் குழம்பும் பிசைந்து கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடியும் பூட்டுவார்.

நான் பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன். உள்ளே ஆட்டுப் புழுக்கை வாடையும் ஈர நாயின் வாடையும் கலந்து அடிக்கும். கறுப்பன் ஓடி வந்து மூக்கை நீட்டும். ரோசி படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் அசைக்கும். அதன் ஒரு கண் பால் ஊற்றியது போல மங்கிவிட்டிருந்தது. பலகையில் எள் எள்ளாக ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையே இல்லை. இடுக்குகளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும், உண்ணிக்குஞ்சு. தெரிந்தும் அதை வேடிக்கைதான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார், அம்மாவும் பார்த்தார். நாங்கள் எல்லாரும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ரோசி செத்துவிட்டது. அப்பா அதைப் பெலுக்கார் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து குளித்தார், சாப்பிட்டார். கறுப்பன் பூட்டிய கொட்டகையிலேயே இருந்தது. அதைப் பூட்டிவைத்திருக்கும் வரைக்கும் பயமில்லை என்று அப்பா நினைத்தார்.

அந்த வாரமே கறுப்பனுக்கும் மூக்கில் ரத்தம் வந்தது.

அதை முதலில் பார்த்தது நான்தான், ஓடிவந்து சொன்னதும் நான்தான். அப்பா கொட்டகைக்குப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கம்பிவலையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு ஆணியாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றார். அம்மா கறுப்பனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"சாவி என்கிட்ட இருக்கு. இல்லன்னா உன்கிட்ட இருக்கு," என்றார் அப்பா.

அம்மா நிமிர்ந்தார்.

"வேற யார்கிட்டயும் இல்ல," என்றார் அப்பா மறுபடியும்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கேட்டால், நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்பார். ஆனால் அவர் கண் அம்மாவின் கையிலிருந்த மங்கில் இருந்தது. அம்மா பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார் என்பதும், நாய்கள் வாசலைக் கெடுக்கின்றன என்று எப்போதும் முணுமுணுப்பார் என்பதும், பக்கத்து வீட்டுக்காரியோடு அவருக்கிருந்த ஒட்டுதலும் எல்லாம் அப்பாவின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோனது. அம்மாவை இனி என்ன செய்வார், வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாரா என்றுதான் எனக்குப் பயம்.

அம்மா தரையில் உட்கார்ந்தார். காலை மடக்கி, மங்கை மடியருகே வைத்து, நாய்க்குப் பிசைந்த சோற்றை உருட்டி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த உருண்டை. கருவாட்டு முள்ளைக்கூட எடுக்கவில்லை. கண்ணை அப்பாவின் மேலிருந்து எடுக்காமல், மங்கின் அடி தெரியும் வரைக்கும் சாப்பிட்டார். பிறகு எழுந்து மங்கைக் கழுவிவிட்டு, கறுப்பனுக்கு வேறு சோறு பிசைந்தார்.

அப்பா வெளியே போய்விட்டார். அம்மா சாகவில்லை, வாந்திகூட எடுக்கவில்லை. இரவு வரைக்கும் நான் அம்மாவின் முந்தானையை விடவில்லை.

மனைவி மேல் சந்தேகப்பட்டது வெளியே தெரிந்தால் அசிங்கம். அப்பாவுக்கு அவசரமாக வேறு ஆள் வேண்டும். ஆள் ஏற்கெனவே இருந்தாரே. பலகை இடுக்கு வழியாக மருந்தைத் தெளித்திருக்கிறாள், அதற்குப் பூட்டென்ன, கம்பிவலையென்ன என்று அப்பா புதிதாகச் சொல்ல ஆரம்பித்தார். லயத்துக்கும் அது சரியாகவே பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனீஸ்வரர் கோயிலடியில் தலைவர் ஆட்களைக் கூட்டினார்.

உங்களுக்குத் தெரியும், இல்லையா? எரிகிற சூடத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. முனிக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் கோழி களவுக்கும் அதுதான், பெரிய பழிக்கும் அதுதான்.

தட்டில் சூடம் எரிந்தது. அத்தை வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"நீ செய்யலன்னா அணைச்சிட்டுப் போம்மா. அதோட முடிஞ்சிது," என்றார் தலைவர்.

"ஒரு நாய்க்காக என்னைய முனி முன்னாடி நிக்க வச்சிட்டீங்க," என்றார் அத்தை. "நான் வைக்கல. வாயால சொல்றேன். இதுக்குமேல என்னால முடியாது."

"வாயாலதான் கொல்றேன்னும் சொன்ன," என்றார் அப்பா.

அத்தையின் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அணைச்சிடேன் லா, மானம் போவுது," என்றார்.

அத்தை அசையவில்லை. கூட்டத்தில் பெண்கள் நின்ற பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். எதையோ கேட்பது போலத்தான் பார்த்தார். அம்மா சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தானாக எரிந்து, கறுத்து, அணைந்தது. கூட்டம் கலைந்தது. அணைக்க மறுத்தவள்தான் செய்தவள், அதில் யாருக்கும் ஐயம் இல்லை.

மாதம் முடிவதற்குள் அவர்கள் சிகாமட் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அத்தையிடம் எங்கள் குழம்புக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதைக் கழுவி எங்கள் வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார். பிறகு அதில் குழம்பு ஊற்றி நான் பார்த்ததே இல்லை.

அடுத்து நடந்ததுதான் பெரிய கூத்து. ஆபத்து போய்விட்டது என்று அப்பா கொட்டகையைப் பிரித்தார். பலகைகளை விறகாக்கி எரித்தார். கறுப்பன் வெளியே வாசலில் படுக்க ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தின்றது, எழுந்து நடந்தது. ஒரு கண் மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. லயத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? அவ போனா, நாய் எந்திரிச்சிருச்சி," என்றார்கள்.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கும் போதுமாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். அப்பாவுக்குச் சோறு போட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைப்பார். அப்பா கை வைப்பதற்கு முன், அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிடுவார். பிறகு தட்டை அவர் பக்கம் தள்ளுவார். புருஷன் சாப்பிட்ட பிறகுதான் பெண்சாதி சாப்பிடுவாள் என்றிருந்த அந்தக் காலத்தில் இது லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. "அவர் தட்டுல கை வைக்காம இவங்களுக்கு எறங்காதாம், அவ்ளோ ஆசை," என்று சிரித்தார்கள். நானும் அதை ஆசை என்றே நம்பி வளர்ந்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஆசைக்குத்தான்.

அப்பா ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு வருஷமாகியும் எனக்கு ஆறாத கோபம் அதுதான். அந்த ஒரு வாய் எடுக்கும் வரைக்கும் காத்திருப்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருப்பார். பிறகு சாப்பிடுவார். தோட்டம் விட்டு டவுனுக்கு வந்தோம், தகர வீடு கல்வீடானது, பேரன் பேத்தி வந்தார்கள். அந்த ஒரு வாய் நிற்கவில்லை.

அப்பா தவறியபோது, வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. எல்லாரும் போட்டோம். அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கிண்ணத்திலிருந்து அரிசியை எடுத்தார். அதில் கொஞ்சத்தைத் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கினார். மிச்சத்தை அப்பாவின் வாயில் போட்டார். சுற்றி நின்றவர்கள் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று அழுதார்கள். எனக்கு மட்டும் அந்த நீலக்கரை மங்கு கண்முன்னால் வந்தது. நான் அழவில்லை.

போன மழைக்காலத்துக்கு வருகிறேன். ஜொகூர் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் விடியும் முன்னே எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பேரப்பிள்ளைக்காக ஒரு நாயை எடுத்து வளர்க்கிறார்கள். தெருநாயாகப் பிறந்தது, சோபாவில் படுத்துத் தூங்குகிறது. ஒரு காலையில் வாசலைக் கூட்டப் போனேன். வெள்ளைத் தரையில் ரத்தச் சொட்டு. நாய் மூக்கிலிருந்து.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? நாயைப் பார்க்கவில்லை. வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு வயதான ஆள், நாய் குரைக்கிறது என்று முன்பு ஒரு தடவை முறையிட்டவர். அவர் வீட்டு வேலியடியில் ஒரு கிண்ணம் இருந்தது. எனக்கு அது போதும்.

மகன் வந்ததும், "பக்கத்து வீட்டு ஆளுதான். கிண்ணம் வச்சிருக்கான், நான் பாத்தேன்," என்றேன்.

"மா, அது பூனைக்கு வைக்கிற கிண்ணம். சும்மா இருங்க லா," என்றான். சொல்லிவிட்டு, வாசல் கேமராவில் பதிவானதைப் போட்டு அவனே பார்க்க உட்கார்ந்தான். மருமகளும் வந்தாள். படித்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது! அந்த மனிதர் கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் நாயின் தலையைத் தடவுவதுதான் அதில் இருந்தது. ஏன் தடவுகிறார் என்று நான் அதையும் சந்தேகப்பட்டேன்.

நாய் டாக்டர் ஒரு சின்னப்பெண், நம் தமிழ்ப் பெண். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், முட்டிகளை அழுத்தினாள், கண்ணுக்குள் விளக்கடித்தாள், காதை மடித்துக் காட்டினாள்.

"விஷம் இல்ல ஆன்ட்டி. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ரத்தத்துல ஒரு கிருமிய வுட்டுடும். அப்பறம் ரத்தம் உறையாது, அதான் மூக்குல வருது. உள்ள எல்லா எடத்துலயும் அழற்சி வந்துரும். முட்டி வீங்கும், கண்ணுக்குள்ள வந்தா கண்ணு மங்கிடும்."

"மருந்து இருக்காம்மா?"

"மாத்திர இருக்கு, பயப்படாதீங்க. ஆனா வீட்டையும் சுத்தம் பண்ணணும். நாய் மேல இருக்கறதவிட, அது படுக்கற எடத்துல, செவுத்து இடுக்குலதான் உண்ணி அதிகம் இருக்கும். ஒரே எடத்துல அடைச்சி வச்சா திரும்பத் திரும்பக் கடிச்சிக்கிட்டே இருக்கும்."

அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். என் காதில் விழவில்லை. பலகையில் எள் எள்ளாக ஏறியது மட்டும் தெரிந்தது. அப்பா பூட்டுப் போட்டுக் காப்பாற்றிய கொட்டகை. உள்ளேதான் எல்லாம் இருந்தது, நாங்கள் வெளியே காவல் காத்தோம்.

மகனோடு அந்த ஞாயிற்றுக்கிழமையே குளுவாங் போனேன். அம்மா அங்கே என் தங்கை வீட்டில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். கண் பார்வை குறைவு, காது கூர்மை. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உண்ணி, கிருமி, பலகை இடுக்கு எல்லாம்.

"உண்ணியா?" என்றார் கடைசியில்.

"உண்ணிதாம்மா. யாரும் எதுவும் வைக்கல."

"அப்ப அவளும் இல்லியா?"

அவள் என்றது அத்தையைத்தான். பேச்சில்கூட அத்தையை அம்மா கொண்டுவந்து நான் கேட்டதில்லை. அத்தை செத்துப் பல வருடமாகிறது. சிகாமட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, முட்டிவலி என்று சொல்லி அம்மா போகவில்லை.

"நீங்களும் அவங்கதான்னு நெனச்சிங்களாம்மா? இத்தன வருசமா?"

"பாதி நெனச்சேன். மீதிய நெனைக்க வேண்டியிருந்துச்சு." அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மருந்தடிச்சி மருந்தடிச்சி அவ கையில தோலே கெடையாது. சதை சதையா இருக்கும். சோத்தையே கையால தொட முடியாது, கரண்டியிலதான் திம்பா. சூடத்த எப்படி அணைப்பா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெனம் கொழம்பு குடுத்தவளுக்கு வாங்குன கை தெரியாதா?"

"கோயில்ல சொல்லியிருக்கலாமே. உங்களைத்தானே அவங்க பாத்தாங்க."

சுவரில் அப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. அந்தப் பக்கம் அம்மா திரும்பவே இல்லை.

"சொல்லியிருந்தா அவ இல்லன்னு ஆயிருக்கும்," என்றார். "அவ இல்லன்னா, கொட்டாய்ச் சாவி அப்பறம் யாருகிட்ட இருந்துச்சு?"

அம்மா தட்டைத் தடவித் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினார். பிறகு வழக்கம்போல, எதிரில் யாரும் இல்லாத பக்கமாகத் தட்டைத் தள்ளிவைத்தார்.